சட்டைப் பட்டனை நீங்கள் போட்டுவிடாதீர்கள்: ஓடிஏ மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய, அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டென்ட் (சுருக்கமாக ஓடிஏ) படிக்கும் நம் பெண்களிடமிருந்து. அதிலும் எல்லோருக்கும் ஒரே பயம், ஃபீல்டுவொர்க், அதாவது நோயாளிகளோடு நேரில் செய்யும் களப்பயிற்சி. அதனால் இந்தப் பகுதி முழுக்க அதற்கே. இந்தத் தொழில் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர், ஆட்டிசம் உள்ள குழந்தை என்று யாராக இருந்தாலும், குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, பள்ளியில் எழுதுவது போன்ற அன்றாட வேலைகளை அவர்களே மறுபடி செய்ய வைப்பதுதான் ஆக்குபேஷனல் தெரபி. நோயாளியைப் பரிசோதித்துத் திட்டம் போடுபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓடி. அந்தத் திட்டத்தை நோயாளியோடு நின்று நடத்துபவர் ஓடிஏ. பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடப் படிப்பு.

எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள். ஓடிஏ படிப்பில் முதல் வருடம். லெவல் ஒன், லெவல் டூ என்கிறார்கள், என்ன வித்தியாசம்? லெவல் டூவைப் பகுதி நேரமாகச் செய்ய முடியுமா? ஏதாவது சம்பளம் தருவார்களா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

லெவல் ஒன் என்பது வகுப்புகளோடு சேர்ந்தே நடப்பது. பெரும்பாலும் பார்ப்பது, கொஞ்சம் கை வைப்பது, திரும்பி வந்து அதைப் பற்றி எழுதுவது. எத்தனை மணி நேரம் என்பதைக் கல்லூரியே முடிவு செய்யும். லெவல் டூ அப்படியல்ல. ஓடிஏ மாணவர்களுக்குக் குறைந்தது 16 வாரம், முழு நேரம் (ஓடி படிப்பவர்களுக்கு 24 வாரம்). வழக்கமாக இதை எட்டு எட்டு வாரமாகப் பிரித்து இரண்டு இடங்களில் போடுவார்கள், உதாரணமாக முதலில் ஒரு நர்சிங் ஹோம், அப்புறம் ஒரு பள்ளிக்கூடம். கடைசி வாரங்களில், படிப்பை முடித்து அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஓடிஏ என்ன செய்வாரோ அதை நீங்கள் செய்துகாட்ட வேண்டும்.

பகுதி நேரத்துக்கு விதியில் இடம் இருக்கிறது. இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஏசிஓடிஇ, அந்த இடத்தின் முழு நேரத்தில் பாதிக்குக் குறையாமல் இருந்தால் சரி என்கிறது. ஆனால் விதி சம்மதித்தால் போதாது, கல்லூரியும் சம்மதிக்க வேண்டும், உங்களை எடுத்துக்கொள்ளும் இடமும் சம்மதிக்க வேண்டும். சூப்பர்வைசர் வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்பவராக இருந்தால், மாணவி மட்டும் மூன்று நாள் வருவதை அவர் விரும்புவது அரிது. கேட்டுப் பாருங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சம்பளம்? பெரும்பாலான இடங்களில் கிடையாது. அது மட்டுமா, அந்த வாரங்களுக்கான கிரெடிட்டுக்கு நீங்கள்தான் கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள். பெட்ரோல் செலவும் உங்களுடையதே, இடம் ஒரு மணி நேரத் தூரத்தில் கிடைத்தாலும் வாயை மூடிக்கொண்டு போய்வர வேண்டியதுதான். இது நியாயமா என்றால் எனக்கும் நியாயமாகத் தோன்றவில்லை, ஆனால் இன்றைக்கு நிலைமை இப்படித்தான். பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதை லெவல் டூ தொடங்குவதற்கு நாலைந்து மாதம் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ வரவழைப்பதாக இருந்தால், விசிட்டர் விசாவில் வழக்கமாகக் கிடைக்கும் அந்த ஆறு மாதத்தைக் கோடை விடுமுறையில் ஊர்சுற்றிக் கரைத்துவிடாமல் இந்த 16 வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லெவல் டூவில் நான்கு வாரம் முடிந்துவிட்டது. மிட்டெர்மில் சூப்பர்வைசர் "தானாக முன்வந்து எதுவும் செய்வதில்லை, இவர் என்ன யோசிக்கிறார் என்றே தெரியவில்லை" என்று எழுதிவிட்டார். நான் சொன்னதை எல்லாம் சரியாகச் செய்கிறேன் மேடம். பெரியவர்கள் வேலை செய்யும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவள் நான். என்ன தப்பு செய்தேன்?
– வாசகி, டாலஸ்

கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் பிள்ளைகள் ஃபீல்டுவொர்க்கில் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான், பாடம் தெரியாததால் அல்ல.

உங்கள் சூப்பர்வைசர் கையில் இருப்பது அனேகமாக அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கமான ஏஓடிஏ வெளியிட்ட மதிப்பீட்டுப் படிவம். நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை நிரப்புவார்கள். ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். ஒழுக்க நெறி, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட முதல் சில வரிகளில் முடிவில் 3-க்குக் குறைந்தால், மற்றதில் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் தேற முடியாது. மீதி வரிகளில் பெரும்பகுதி கேட்பது ஒன்றே ஒன்று: இந்த நோயாளிக்கு இந்த நேரத்தில் இதை ஏன் செய்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? நீங்கள் பேசாமல் சரியாகச் செய்தால், தெரிந்து செய்தீர்களா, நேற்று அவர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்தீர்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். மூளையின் வலது பக்கத்தில் பக்கவாதம் வந்த ஒருவர். இடது கை அசையவில்லை, அதோடு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மறந்துவிடுகிறார், தட்டில் இடது பாதி சோறு அப்படியே இருக்கும். அவருக்குச் சட்டை போடப் பழக்குகிறீர்கள். பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், வகுப்பில் நன்றாகவே படித்திருப்பீர்கள். அறைக்குள் போவதற்கு முன்னால், வராந்தாவில் நடக்கும்போதே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்: "நேற்று எழுந்ததும் அவருக்குத் தலை சுற்றியது, அதனால் இன்று கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து பிபி பார்த்துவிட்டுத்தான் தொடங்கப்போகிறேன். சட்டையை அவருடைய இடது பக்கம் வைப்பேன், அப்போதுதான் அவர் அந்தப் பக்கம் திரும்பித் தேடுவார். தோள் பலவீனமாக இருப்பதால் அந்தக் கையை நான் இழுக்க மாட்டேன், தாங்கிப் பிடிப்பேன்." இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இத்தனை நாளும் இதே யோசனை உங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், அவர் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

முடிந்த பிறகும் ஒரு வாக்கியம். எது நடந்தது, எது நடக்கவில்லை, நாளை எதை மாற்றுவீர்கள். தப்பாக யோசித்திருந்தால் அவர் திருத்துவார், அதற்குத்தான் அவர் அங்கே இருக்கிறார். இந்த ஊரில் "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்பது பேச்சுக்குக் கேட்பதல்ல, உண்மையிலேயே கேள்வியை எதிர்பார்க்கிறார்கள். "நோ, ஐ'ம் ஃபைன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அக்கறை இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், முதல் வாரம் நாக்கு கூசும், அப்புறம் பழகிவிடும். நோயாளி முன்னால் மட்டும் அவரை மறுத்துப் பேசாதீர்கள். அது எந்த ஊரிலும் மரியாதை இல்லை, நோயாளிக்கும் நம்பிக்கை போய்விடும்.

இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. மிட்டெர்மில் குறைவாக வாங்கிவிட்டு முடிவில் நன்றாக வந்தவர்கள் நிறையப் பேர். அந்தப் படிவத்தை வாங்கி, 2 போட்ட வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, "இது 3 ஆக வேண்டுமானால் நான் என்ன செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள்.

மருத்துவமனைகளில் வருடக்கணக்காக நர்சிங் அசிஸ்டென்டாக வேலை செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் காட்டி லெவல் டூவைக் குறைக்க முடியுமா?
– வாசகர், ஷார்லட்

முடியாது. லெவல் ஒன்னையே லெவல் டூவுக்கு ஈடாக வைக்கக் கூடாது என்று இருக்கும்போது, வேறு வேலையின் அனுபவத்தை யார் கணக்கில் எடுப்பார்கள்? ஆனால் ஆளைத் தூக்கி உட்காரவைக்கும்போது மற்ற மாணவர்களுக்கு நடுங்கும் கை உங்களுக்கு நடுங்காது, அது போதாதா!

என் சூப்பர்வைசர் ஓடி இல்லை, அவரும் ஓடிஏதான். இது செல்லுமா? இன்னொன்று, சில நோயாளிகளிடம் என்னைத் தனியாக விடுகிறார், சிலரிடம் பக்கத்திலேயே நிற்கிறார், ஒரு வார்த்தை பேச விடுவதில்லை. என் மேல் நம்பிக்கை இல்லையா?
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

செல்லும். ஓடிஏ மாணவரை லெவல் டூவில் ஓடியும் பார்க்கலாம், ஓடிஏவும் பார்க்கலாம். உரிமம் இருக்க வேண்டும், முழு நேரமாக ஒரு வருடமாவது வேலை செய்த அனுபவம் இருக்க வேண்டும். அந்த ஓடிஏ எப்படியும் ஓர் ஓடியின் மேற்பார்வையில்தான் இருப்பார். உங்களைப் பொறுத்தவரை ஓடிஏவிடம் கற்பது நல்லதுதான், நாளை நீங்கள் செய்யப்போகும் வேலையை இன்று அவர் செய்கிறார். முதல் பரிசோதனையும் சிகிச்சைத் திட்டமும் ஓடியின் பொறுப்பு என்பதால், வாரத்தில் ஒரு முறையாவது ஓடி ஒருவர் பரிசோதனை செய்வதைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். இது உங்களைப் பற்றியதே அல்ல, பில்லைப் பற்றியது. நர்சிங் ஹோமில் ஒரே வராந்தாவில், ஒரே மாதிரி இரண்டு பாட்டிகள் இருப்பார்கள். ஒருவருக்கு மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் பார்ட் ஏ பணம் கட்டுகிறது, மற்றவருக்கு அதே காப்பீட்டின் பார்ட் பி. பார்ட் ஏயில், மாணவர் எப்போதும் சூப்பர்வைசரின் கண் பார்வையில் இருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2011 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள், எவ்வளவு தூரம் விடலாம் என்பதை அந்த இடமே தீர்மானிக்கும். பார்ட் பியில் மாணவர் செய்ததற்கு என்று தனியாகப் பணம் கிடையாது. தகுதி பெற்றவர் அதே அறையில் இருந்து, முடிவுகளை அவரே எடுத்து நடத்த வேண்டும், அந்த நேரத்தில் இன்னொரு நோயாளியைக் கவனிக்கவும் கூடாது. மாணவர் தன் பாட்டுக்குச் செய்ததற்கு பில் போட்டால் மாட்டிக்கொள்வது அவர்தான். அதனால்தான் அந்த இரண்டாவது பாட்டியிடம் உங்கள் பக்கத்தில் தூண் மாதிரி நிற்கிறார்.

இதோடு இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 முதல் பார்ட் பியில் ஓடிஏ செய்த சிகிச்சைக்கு, ஓடி செய்தால் கிடைப்பதில் 85 சதவீதம்தான் மெடிகேர் கொடுக்கிறது. ஏற்கெனவே ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் பில் ஆக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கணக்கு இருக்கும். அந்த அவசரத்தில்தான் ஒரு மாணவியையும் கூட வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்கள், அதுவும் அதிகச் சம்பளம் இல்லாமல். சில நாள் முகம் கடுகடுவென்று இருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த நோயாளி எந்த வகை என்று காலையிலேயே கேட்டு உங்கள் தாளில் குறித்துக்கொண்டால், நாள் முழுவதும் குழப்பம் இருக்காது.

எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா. சட்டைப் பட்டன் ஒவ்வொன்றோடும் போராடிக்கொண்டிருந்தார். பார்க்க மனது கேட்காமல் கடைசி இரண்டை நான் போட்டுவிட்டேன். வெளியே வந்ததும் சூப்பர்வைசர் திட்டினார். உதவி செய்வது தப்பா?
– வாசகி, அட்லாண்டா

நம் வீட்டில் வயதானவர்களுக்குத் தட்டில் போட்டுக் கையில் கொடுப்பதுதான் அன்பு. முடியாமல் போனால் ஊட்டியும் விடுவோம். இந்த வேலையில் அதே அன்பு அவரை இன்னும் கொஞ்ச நாள் படுக்கையிலேயே வைத்துவிடும்.

நர்சிங் ஹோமில் செக்ஷன் ஜிஜி என்று ஒரு கணக்கு எழுதுகிறார்களே, அதைப் பாருங்கள். ஒருவர் தானே முழுவதும் செய்தால் 6, துணியை எடுத்து வைத்தால் மட்டும் போதுமென்றால் 5, கூட நின்று சொல்லிக்கொடுத்தாலோ லேசாகத் தொட்டுத் தாங்கினாலோ 4, வேலையில் பாதிக்கும் குறைவாக நீங்கள் செய்துவிட்டால் 3, இப்படியே 1 வரை இறங்கும். தாத்தா பட்டனோடு போராடினாலும் தானே முடித்திருந்தால், உங்கள் வாய்வார்த்தை மட்டும் தேவைப்பட்டதென்று 4 எழுதலாம். இரண்டு பட்டனை நீங்கள் போட்டதும் அது 3. அடுத்து வரும் ஓடி அந்த எண்ணைப் பார்த்துத் திட்டம் போடுவார், வீட்டுக்கு அனுப்பலாமா, தனியாக இருக்க விடலாமா என்ற பேச்சும் அந்த எண்களை வைத்துத்தான் நடக்கும். உங்கள் இரக்கம் அவருடைய கணக்கில் பற்று எழுதிவிட்டது.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. முதலில் காத்திருங்கள், நாம் நினைப்பதைவிட அதிக நேரம். அப்புறம் ஒரு வார்த்தை. அதுவும் போதவில்லை என்றால் பட்டனின் ஓரத்தைச் சுட்டிக்காட்டுங்கள். பட்டன் மாட்டும் கொக்கி என்று ஒரு சின்னக் கருவி உண்டு, அதைக் கொடுத்துப் பார்க்கலாம். அவர் களைத்துப் போய்விட்டால் மேல் பட்டன்களை முன்பே போட்டுவிட்டு, கீழே உள்ள இரண்டை மட்டும் அவருக்கு விடலாம். வேலையை அவருக்கு ஏற்ற அளவுக்குச் சின்னதாக்குவதுதான் நம் திறமை. அப்படிச் செய்ததை உள்ளது உள்ளபடி எழுதவும் வேண்டும்.

இதில் நமக்கு மட்டும் தெரிந்த சில விஷயங்களும் இருக்கின்றன. வலது கை விழுந்துபோன ஒரு தமிழ்ப் பாட்டி சாப்பிட மாட்டேன் என்கிறார் என்றால், எல்லோரும் பசியில்லை, மனச்சோர்வு என்று எழுதுவார்கள். இடது கையால் சோற்றைத் தொட அவருக்கு மனம் வரவில்லை என்பது உங்களுக்குத்தான் தோன்றும். சோற்றைப் பிசைந்து விரல் நுனியில் சேர்த்து வாய்க்குக் கொண்டுபோவது விரல்களுக்கு எவ்வளவு நுட்பமான வேலை, ஸ்பூனை மட்டும் வைத்துப் பழக்கினால் அது எப்படித் திரும்பும்? இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு, பின்பக்கமாக வெட்டிச் செய்த ஆபரேஷன் என்றால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்து அருவாமனையில் காய் நறுக்குவார், பூஜைக்குச் சம்மணம் போடுவார் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேளுங்கள், கேட்டதை ஓடியிடம் சொல்லுங்கள். திட்டத்தை மாற்றுவது அவர் வேலை, அதற்கான தகவலைக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் வேலை, அந்தப் படிவத்தில் அதற்கும் மதிப்பெண் உண்டு.

ஆறாவது வாரம். தேற மாட்டேன் என்று தோன்றுகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் ஃபெயில் போடுவதற்கு முன்னால் நானே நின்றுவிடலாமா?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகி

நிற்காதீர்கள். நீங்களாக வராமல் போனால் பல கல்லூரிகளில் அதுவே ஃபெயில்தான், அதோடு அந்த இடத்துக்கும் கல்லூரிக்கும் இடையே கசப்பும் வரும். கல்லூரியில் ஃபீல்டுவொர்க்குக்கு என்றே ஒரு கோஆர்டினேட்டர் இருக்கிறார். இன்று மாலையே அவருக்கு எழுதுங்கள், எட்டாவது வாரத்தில் தெரிந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இப்போது தெரிந்தால் மூன்று பேரும் உட்கார்ந்து, எந்த எந்த வரியில் என்ன முன்னேற்றம் வேண்டும் என்று தேதி போட்டு எழுதிக்கொள்ளலாம், சில இடங்களில் ஒரு வாரம் இரண்டு வாரம் நீட்டித்தும் தருவார்கள். தேறவில்லை என்றாலும் பல கல்லூரிகள் இன்னொரு இடத்தில் ஒரு முறை திரும்பச் செய்ய விடுகின்றன. உங்கள் கல்லூரியின் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் இன்று படியுங்கள். சூப்பர்வைசர் உங்களை நடத்தும் விதத்தில் குறை இருந்தால் அதையும் கோஆர்டினேட்டரிடம் சொல்லுங்கள். முடிவில் அந்த இடத்தைப் பற்றி மாணவர் எழுதிக்கொடுக்கும் படிவமும் ஒன்று இருக்கிறது, அதில் பூசி மெழுகாதீர்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள் அம்மா, தனியாகச் சுமக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

என் மகன் இங்கே பிஓடி முடித்திருக்கிறான். அமெரிக்காவில் ஓடிஏ பரீட்சை எழுதினால் சுலபமாக வேலைக்குப் போகலாம் என்கிறார்களே?
– வாசகர், வேலூர்

யார் சொன்னது? ஓடிஏ பரீட்சையை நடத்துவது என்பிசிஓடி. அங்கீகாரம் பெற்ற ஓடிஏ படிப்பை, லெவல் டூ உட்பட, அமெரிக்காவில் முடித்தவர்களுக்கான பரீட்சை அது. உங்கள் மகன் படித்தது ஓடிக்கான படிப்பு, அவருக்கு வெளிநாட்டில் படித்த ஓடிகளுக்கென்று தனி வழி இருக்கிறது, அதில் முதலில் படிப்பையும் பயிற்சியையும் சரிபார்ப்பார்கள். உலகக் கூட்டமைப்பான டபிள்யூஎஃப்ஓடி குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. எனவே எந்தத் துறையில் எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்ற விவரத்தோடு இன்டர்ன்ஷிப் சான்றிதழைக் கல்லூரி முத்திரையுடன் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கொஞ்ச வருடம் போனால் துறைத் தலைவர் மாறிவிடுவார், பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறதென்று தேட ஆள் இருக்காது.

அடுத்த மாதம் முதல் லெவல் டூ. தாலிச் செயின், வளையல், பொட்டு எல்லாம் போட்டுக்கொண்டு போகலாமா?
– வாசகி, சான் அன்டோனியோ

உடைக்கு முன்னால் காகிதங்களைப் பாருங்கள்: ஹெபடைடிஸ் பி ஊசி, டிபி பரிசோதனை, சிபிஆர் அட்டை, குற்றப் பின்னணிச் சோதனை, சில இடங்களில் போதைப்பொருள் பரிசோதனையும். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையாகப் போட்டால் ஆறு மாதம் ஆகும், முடிக்கவில்லை என்றால் இன்றே கோஆர்டினேட்டரிடம் சொல்லுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் முதல் நாளே வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

வளையல் வேண்டாம், நோயாளியின் தோல் காகிதம் மாதிரி இருக்கும், கிழித்துவிடும். நீண்ட நகமும் ஒட்டு நகமும் வேண்டாம். தாலிச் செயினை ஸ்க்ரப் சட்டைக்கு உள்ளே விட்டு பின் குத்திக்கொள்ளுங்கள், தடுமாறும் ஆள் முதலில் பிடிப்பது கையில் கிடைப்பதைத்தான். பொட்டுக்கு அந்த இடத்தின் உடை விதியில் தடை இருக்க வாய்ப்பில்லை, வைத்துக்கொள்ளுங்கள்.